சரக்கு வண்டிகளுக்கு இராத்தங்கல்
(பிளவக்கல் பாசன வட்டாரத்து விவசாயிகளுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் சில யோசனைகள்)

விளைந்த பொருளைக் களத்திலிருந்து வீடு சேர்ப்பதோடு விவசாயியின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அப்பொருளைச் சேதமின்றிச் சந்தைக்குக் கொண்டுபோய்த் தக்க விலைக்கு விற்று, பணத்தோடும் வண்டியோடும் நல்ல தேகத்தோடும் ஊர் திரும்பும் வரையில் அது நீடிக்கிறது. விதை, உரம், நீர் இவற்றைப் பற்றி நாம் எவ்வளவோ ஆலோசிக்கிறோம். ஆனால் சரக்கு ஏற்றிய வண்டியை இரவில் எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றி முன்கூட்டி ஆலோசிப்பவர் மிகச் சிலரே. இருட்டிய பிறகு, "போகிற வழியில் எங்கேயாவது ஓரங்கட்டிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். இந்த ஓர் அஜாக்கிரதையினால் ஆறு மாதப் பாடு ஓரிரவில் அழிந்துபோவதுண்டு. சில சமயம் உயிரே போவதுமுண்டு. ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எடுத்துக்கொள்வோம்.

பிளவக்கல் என்னுமிடத்தில் பெரியாறு, கோவிலாறு என்ற இரண்டு அணைகள் மேற்கு மலையடிவாரத்தில் அமைந்திருக்கின்றன. அவற்றின் நீரைக் கொண்டு கூமாப்பட்டி, வத்திராயிருப்பு முதலிய ஊர்களின் கண்மாய்ப் பாசனம் நடைபெறுகிறது. இங்கு விளையும் நெல், தேங்காய், மாங்காய் முதலியவை டிராக்டரின் பின்னே பூட்டிய சிறு டிரெயிலரிலும், சிறு சரக்கு மோட்டார்களிலும், அருகிய அளவில் மாட்டு வண்டியிலும் வெளியூர் செல்கின்றன. வண்டிகள் கிருஷ்ணன்கோவிலில் தேசிய நெடுஞ்சாலையை அடைந்து, தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கமோ, வடக்கே டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக மதுரைப் பக்கமோ திரும்புகின்றன. இவ்வட்டாரத்தையே உதாரணமாகக் கொண்டு எழுதினாலும், கூறும் முறைகள் மற்ற வட்டாரங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முன்னோர் செய்திருந்த ஏற்பாடு

வழிப்போக்கருக்கும் வண்டிகளுக்கும் தங்குமிடம் அமைப்பது நம் நாட்டில் மிகப் பழமையான தர்மம். அசோகச் சக்கரவர்த்தி பெருவழிகளில் கிணறுகள் வெட்டுவித்துத் தங்குமிடங்கள் அமைத்ததைத் தம்முடைய தூண் சாசனத்தில் குறித்திருக்கிறார். 1689 முதல் 1706 வரை மதுரையில் ஆட்சி நடத்திய இராணி மங்கம்மாளின் பெயரால் சாலைகளும் சத்திரங்களும் இன்றும் வழங்குகின்றன. மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரிலுள்ள மங்கம்மாள் சத்திரம் யாவரும் அறிந்ததே.

சத்திரம் ஆளுக்கு இடம் தந்தது. சரக்குக்கும் மாட்டுக்கும் இடம் தந்தது பேட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் பகுதியில் கள்ளர் பயத்தினால் வியாபார வண்டிகள் கூட்டங்கூட்டமாகவே செல்ல வேண்டியிருந்தது. அக்காலத்தில் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் குடியேறி வியாபாரம் செய்த நாடார் சமூகத்தார், தங்கள் வண்டிகளுக்கென்று பேட்டைகள் அமைத்தார்கள். பேட்டை என்பது சுற்றுச்சுவரும் வாயிற்கதவும் உள்ளே கிணறும் உடைய ஒரு வளைவு. வண்டியை உள்ளே விட்டு மாட்டை அவிழ்த்துக் கட்டிச் சரக்கைக் காவலில் வைத்துவிட்டு மனிதர் அச்சமின்றி உறங்கலாம். இதற்குச் சிறு கட்டணம் உண்டு. அதோடு சரக்கின் அளவுக்குத் தக்கபடி மகமை என்ற பெயரில் ஒரு சிறு தொகை வசூலிக்கப்பட்டுப் பொதுநிதியாகச் சேர்ந்தது. பேட்டையைப் பராமரிப்பதற்கு மட்டுமன்றி, பின்னர் பள்ளிக்கூடங்கள் முதலிய பொதுக்காரியங்களுக்கும் அந்நிதி பயன்பட்டது. ஒருவர் தனித்துச் செய்ய இயலாத காவலைப் பலர் கூடிச் சொற்பச் செலவில் செய்துகொண்டார்கள் என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

வட இந்தியாவில் சராய்கள் இதே வேலையைச் செய்தன. 1867-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சராய்ச் சட்டம், சராய் நடத்துபவர் கிணற்றையும் அறைகளையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், கதவுகளையும் சுவர்களையும் பழுது பார்க்க வேண்டும், திருடர் ஏறி உள்ளே இறங்குவதற்கு உதவக்கூடிய மரக்கிளைகளை வெட்ட வேண்டும், மனிதருக்கும் மிருகங்களுக்கும் வண்டிகளுக்கும் போதுமான காவற்காரரை வைக்க வேண்டும், கட்டண விவரத்தை யாவரும் பார்க்கும்படி எழுதித் தொங்கவிட வேண்டும் என்று விதித்தது. ஒரு நல்ல தங்குமிடத்தின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இக்காலத்து நிலைமை

லாரிகளும் ரயிலும் பெருகிய பின் பேட்டைகள் பல கடைவீதிகளாகவும் கட்டடங்களாகவும் மாறிவிட்டன. பல ஊர்களில் வண்டிப்பேட்டை என்ற பெயர் மட்டும் தெருவுக்கு மிஞ்சியிருக்கிறது. கள்ளர் கூட்டத்தின் பயமும் பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஆனால் ஆபத்து நீங்கவில்லை, அதன் உருவந்தான் மாறியிருக்கிறது. முன்னே வழிப்பறிக்காரன் நின்ற இடத்தில் இப்போது பின்னாலிருந்து அதிவேகமாய் வரும் லாரியோ பஸ்ஸோ இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் பின்விளக்கின்றி நிற்கும் டிரெயிலர், இருட்டில் வருகிற டிரைவருக்கு மிக அருகில் வந்த பிறகே தெரியும். எதிரே வரும் வண்டியின் விளக்கொளி கண்ணில் பட்டால் அப்போதும் தெரியாது. மோதினவர், வண்டியின் கீழே படுத்துறங்கினவர் ஆகிய இரு தரப்பாருக்கும் அது யமனாய் முடிகிறது. பிறருக்கு அபாயமுண்டாகும்படி பொதுவிடத்தில் வண்டியை விட்டுவைப்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவின்படி தடுக்கப்பட்டும் இருக்கிறது. ஆகவே சாலையோரம் செலவற்ற தங்குமிடம் என்று நினைப்பது பெரும் பிழை. இருக்கும் தங்குமிடங்களுள் அதுவே மிகவும் செலவு மிக்கது.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

முதலாவதாக, இராத்தங்கல் அவசியந்தானா என்று பார்க்க வேண்டும். சரக்கேற்றிய டிராக்டர் மணிக்கு 20 கிலோமீட்டர் செல்வதாக வைத்துக்கொண்டால், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தூரத்திலுள்ள மதுரையை அடைய நாலு மணி நேரம் செல்லும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் புறப்பட்டால் பயணத்தின் பெரும்பகுதி இருட்டில் நடக்கும். பகல் ஒரு மணிக்கே புறப்பட்டால் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து, விற்கும் இடத்திலேயே தங்கலாம். இயன்றவரை புறப்படும் ஊரிலாவது, போய்ச்சேரும் ஊரிலாவது இராத்தங்குவதே முறை. நடுவழியில் தங்குவது கடைசி வழியாக இருக்கட்டும்.

இரண்டாவதாக, சரக்கை வாங்கப்போகும் கமிஷன் மண்டிக்காரரையோ விற்பனைக்கூடத்தாரையோ முதல் நாளே டெலிபோனில் விசாரித்து, "இரவில் வண்டியை உள்ளே விடுவீர்களா? கதவு எத்தனை மணிக்கு மூடப்படும்? காவல் உண்டா? கட்டணம் எவ்வளவு?" என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் பெற்றுக்கொள்ள வேண்டும். கதவு மூடிய பிறகு போய் நின்றால், கூடத்தின் வெளியே தெருவில் இராப்பொழுதைக் கழிக்க நேரிடும்.

மூன்றாவதாக, முதலில் குறித்த இடம் கிடைக்காவிடில் தங்குவதற்கு அதற்கு முன்னால் ஓரிடமும் அதற்கு அப்பால் ஓரிடமும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மதுரை செல்பவர் இருட்டுவதற்குள் மதுரை சேர முடியாதென்று கண்டால், டி. கல்லுப்பட்டியிலோ திருமங்கலத்திலோ நின்றுவிடுவது மேல். மிச்சமுள்ள தூரத்தை விடியற்காலையில் கடந்துவிடலாம்.

நான்காவதாக, வண்டியோடு இரண்டாவது ஆள் ஒருவர் இருக்க வேண்டும். அவர் டிராக்டரில் உரிய ஆசனமின்றியோ சரக்கின்மேலோ உட்கார்ந்து வரலாகாது. பஸ்ஸிலோ வேறு வாகனத்திலோ வந்து தங்குமிடத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

நல்ல தங்குமிடத்தின் நான்கு குணங்கள்

பழைய பேட்டையின் அமைப்பை நோக்கினால் அடைப்பு, நீர், காவல், அத்தாட்சி என்னும் நான்கு குணங்கள் அதில் இருந்தமை புலப்படும். இன்றும் இந்நான்கைக் கொண்டே இடத்தை மதிப்பிடலாம். அடைப்பாவது, சாலையிலிருந்து விலகிச் சுவரோ வேலியோ உடைய, தரை இறுகிய மேட்டு நிலம். நீராவது, மனிதருக்குக் குடிநீரும் கழிப்பிடமும், மாடிருந்தால் அதற்குத் தண்ணீரும். காவலாவது, விடியும்வரை விழித்திருக்கும் ஓர் ஆளும் ஒரு விளக்கும். அத்தாட்சியாவது, வண்டி வந்த நேரமும் எண்ணும் கட்டணமும் எழுதிய சீட்டு. நான்கும் உள்ள இடம் உத்தமம். மூன்று இருந்தால் தங்கலாம். அடைப்பும் காவலும் இரண்டும் இல்லாத இடத்தில் மற்றவை இருந்தும் பயனில்லை.

இக்குணங்கள் உள்ள இடங்களை எங்கே தேடுவது? கீழ்க்கண்ட வரிசையில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும்.

1. ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். 1933-ஆம் ஆண்டுச் சென்னை வர்த்தகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தின் பயனாகத் தோன்றி, பின்னர் விரிவான சட்டங்களின் கீழ் வளர்ந்த கூடங்கள் இவை. ராஜபாளையம் முதலிய ஊர்களில் இருக்கின்றன. சுற்றுச்சுவர், எடை மேடை, கிட்டங்கி முதலியவை உள்ள இடமாதலால், கண்காணிப்பாளரின் அனுமதி பெற்று வண்டியை உள்ளே நிறுத்துவது மிகவும் உசிதம். விலை திருப்தியாக இல்லாவிட்டால் சரக்கைக் கிட்டங்கியில் வைத்து அதன்மேல் பொருளீட்டுக் கடன் பெறும் வசதியும் உண்டு. அப்போது சரக்கைக் காத்துக்கொண்டு இரவெல்லாம் வண்டியில் கிடக்க வேண்டியதில்லை.

2. நெல் கொள்முதல் நிலையம். நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோகிறவர்கள் தங்கள் முறை வரும்வரை காத்திருக்க நேரிடுகிறது. முறைச் சீட்டு எந்த நாளுக்கு என்று தெரிந்துகொள்ளாமல் நெல்லை ஏற்றிப்போகலாகாது. நெல்லின் ஈரம் 17 சதவிகிதத்துக்கு மேற்படலாகாதென்பது பொது விதி. மார்கழி, தை மாதப் பனியில் ஓரிரவு திறந்து கிடந்தால், காய்ந்த நெல்லும் மேற்புறத்தில் ஈரங்கொள்ளும். ஆதலால் தார்ப்பாயை மேலே மூடுவதோடு, சரக்கின் அடியிலும் ஒன்று விரிக்க வேண்டும்.

3. பெட்ரோல் பங்க்குகள். இரவு முழுவதும் விளக்கெரிந்து ஆள் நடமாட்டமுள்ள பங்க்குகள் நெடுஞ்சாலையில் பல உள. குடிநீர், கழிப்பிடம், சக்கரங்களுக்குக் காற்று ஆகியவற்றை இலவசமாக அளிக்க வேண்டுமென்பது எண்ணெய்க் கம்பெனிகளின் விதி. வண்டி நிறுத்த இடம் கொடுப்பது அவர்களுடைய விருப்பம். டீசலை அங்கேயே போட்டுக்கொண்டு மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள். ஆனால் அவ்விடத்தில் அடுப்பு மூட்டுவதும் பீடி பற்றவைப்பதும் ஒருபோதும் கூடாது. வைக்கோல் ஏற்றிய வண்டியை அங்கே நிறுத்தவே வேண்டாம்.

4. அரவை மில், தேங்காய்க் களம், செங்கற் சூளை முதலியவற்றின் வளைவுகள். இவற்றில் இரவுக் காவலாளி இருப்பது வழக்கம். உரிமையாளரிடம் நேரில் கேட்டுக் காவலாளிக்குச் சிறு தொகை கொடுத்துத் தங்கலாம். அறிமுகம் இல்லாதவிடத்து, அவ்வூர்ப் பஞ்சாயத்துத் தலைவரோ கிராம நிர்வாக அலுவலரோ ஒரு வார்த்தை சொன்னால் காரியம் எளிதாகும்.

5. உறவினர் அல்லது பழக்கமான விவசாயியின் களம். இதற்குச் செலவில்லை என்பது உண்மையே. ஆயினும் வீட்டாருக்கு முன்னறிவிப்பின்றி நள்ளிரவில் போய்க் கதவைத் தட்டுவது முறையன்று. பிரான்சு தேசத்தில் விவசாயிகள் தங்கள் தோட்டத்தில் ஊர்சுற்றும் பிரயாணிகளின் வண்டிகளுக்கு ஓரிரவு இடம் கொடுத்து, தங்கள் விளைபொருளை அவர்களுக்கு விற்றுக்கொள்ளும் ஓர் ஏற்பாடு நெடுநாளாக நடைபெறுகிறது. சாலையை அடுத்துத் தென்னந்தோப்பும் களமும் உடைய நம் நிலச்சுவான்தார்களும் சக விவசாயிகளுக்கு இத்தகைய உதவியைச் செய்யலாம். இன்று பிறர் வண்டிக்கு இடம் கொடுத்தவருக்கு நாளை அவர் ஊரில் இடம் கிடைக்கும்.

தங்கலாகாத இடங்கள்

சில இடங்கள் பார்வைக்குச் சௌகரியமாகத் தோன்றினும் தங்குவதற்கு ஏற்றவையல்ல. நம் வட்டாரத்துக்குரிய நான்கைக் குறிப்பிடுவோம்.

ஆற்று மணலும் ஓடையும்: மணல் மெத்தென்று இருக்கும், காற்று வரும், கட்டணமும் கிடையாது. ஆனால் மலையடிவாரத்து ஓடைகளின் சுபாவம் வேறு. கீழே ஒரு துளி மழையுமில்லாமல் இருக்கும்போதே மலைமேல் பெய்த மழை சில நிமிஷங்களில் வெள்ளமாக இறங்கிவிடும். 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் சதுரகிரி மலைப்பாதையில் திடீர் வெள்ளத்தில் சிக்கி யாத்திரிகர்கள் மாண்டது நம்மவர்க்கு நினைவிருக்கும். அது மழைக்காலமன்று, கோடைக்காலம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அணைகள் நிரம்பி உபரிநீர் திறக்கும் காலத்தில் அர்ச்சுனா நதி நெடுகிலும் இந்த அபாயம் உண்டு. இருக்கன்குடி போன்ற ஆற்றங்கரைத் தலங்களுக்குத் திருவிழாக் காலத்தில் வண்டி கட்டிச் செல்பவர்களும் மணலில் வண்டியை அவிழ்க்காமல் கரைக்கு மேலே மேட்டில் அவிழ்ப்பதே நலம்.

காட்டோரம்: பிளவக்கல், கூமாப்பட்டி முதலிய அடிவாரத்துக்கு மேற்கேயுள்ள மலைக்காடு 2021-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாக இருக்கிறது. யானைகள் இரவில் இறங்கித் தென்னை, மா, வாழைத் தோப்புகளுக்கு வருவதை இங்குள்ள விவசாயிகள் நன்கு அறிவார்கள். வாழைத்தாரும் மாம்பழமும் கரும்பும் ஏற்றிய டிரெயிலரைக் காட்டோரத்தில் நிறுத்தி அதன் பக்கத்திலேயே படுத்துறங்குவது யானைக்கு விருந்து வைத்து அழைப்பதற்கு ஒப்பாகும். மாலையில் பாரமேற்றின வண்டியை அன்றே ஊருக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, விடிந்தபின் புறப்படுவதே தக்கது.

கண்மாய்க் கரையும் கரிசல் நிலமும்: சாத்தூர், விருதுநகர்ப் பக்கம் கரிசற் பூமி. உலர்ந்திருக்கும்போது கல்போல் இறுகியிருக்கும் தரை ஒரு மழைக்குக் களியாகிவிடும். இரவில் மழை பெய்தால் காலையில் சக்கரம் அச்சுவரை புதைந்திருக்கும். பாரத்தை இறக்கி ஏற்றும் கூலி, நல்ல பேட்டையில் பத்து நாள் தங்கும் கட்டணத்தை விஞ்சும். கண்மாய்க் கரையிலோ, கரையும் கனத்த வண்டிக்குச் சரியும், வண்டியும் கவிழும்.

சாலை வளைவும் பாலத்தடியும்: வளைவு, பாலத்தின் இறக்கம், மரநிழல் அடர்ந்த ஓரம் ஆகிய இடங்களில் நிற்கும் வண்டி தூரத்திலிருந்து தெரியாது. வண்டி பழுதாகி இவ்விடங்களில் நிற்க நேர்ந்தால், முதல் வேலையாகப் பின்னே நெடுந்தூரத்தில் எச்சரிக்கை முக்கோணத்தையும் ஓர் எரியும் விளக்கையும் வைத்துவிட்டு, ஆட்கள் யாவரும் சாலையைவிட்டு இறங்கிவிட வேண்டும். வண்டியின் கீழோ பின்னாலோ யாரும் உட்காரலாகாது.

இரவில் வண்டியை நிறுத்தும் முறை

தங்குமிடத்தை அடைந்ததும் செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகச் செய்தால் கால் மணிக்கு மேல் ஆகாது.

(அ) காலையில் பின்னோக்கித் தள்ளாமல் நேராக வெளியே போகும்படி, வாயிலை நோக்கித் திருப்பி நிறுத்துக.

(ஆ) டிரெயிலரை டிராக்டரிலிருந்து கழற்றாமல் இருப்பதே நலம். கழற்றியே தீரவேண்டுமாயின், நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுத்த பிறகே இணைப்பு ஊசியை எடுக்க வேண்டும். இரண்டு சக்கர டிரெயிலராயின் முன்புறத் தாங்குகாலை உறுதியான பலகையின்மேல் ஊன்ற வேண்டும். எடுத்த ஊசியை வண்டியில் விடாமல் தம்மோடு வைத்துக்கொள்க.

(இ) டிரெயிலரின் பின்புறத்துச் சிவப்புப் பிரதிபலிப்பான்களைத் துணியால் துடைத்து, தார்ப்பாய் அவற்றை மறைக்காதபடி இழுத்துக் கட்டுக. பக்கப் பலகைகளிலும் ஒளிரும் பட்டை ஒட்டியிருத்தல் அவசியம். இவற்றின் விலை அற்பம், பயனோ ஓர் உயிர்.

(ஈ) மூட்டைகளையோ கூடைகளையோ ஒருமுறை எண்ணி, எண்ணிக்கையைக் காவற்காரர் முன்னிலையில் சீட்டில் எழுதுக. காலையில் மறுபடியும் எண்ணுக. ஐயம் எழும்போது இச்சீட்டே சாட்சி.

(உ) பணம், வண்டிப் பதிவுப் புத்தகம், லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் பத்திரம் ஆகியவற்றைத் தலையணைக்கடியில் வைக்காமல் உடம்போடு கட்டிக்கொள்க.

(ஊ) இருவரும் ஒரே சமயத்தில் உறங்காமல் முறை வைத்துக்கொள்க. வண்டியோட்டுபவருக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும். உறக்கமில்லாத டிரைவரும் குடித்த டிரைவரும் ஆபத்தில் ஒன்றே.

(எ) வண்டியின் கீழே ஒருபோதும் படுக்கலாகாது. கொதுகுவலையுடன் திண்ணையிலோ கொட்டகையிலோ படுத்துக்கொள்க.

(ஏ) போலீஸ் உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108 என்ற எண்களை இரண்டாவது ஆளும் அறிந்திருக்க வேண்டும்.

மாடு பூட்டிய வண்டியாயின்

மாட்டு வண்டிகள் குறைந்துவிட்டாலும் எரு, வைக்கோல் முதலியவற்றை ஏற்றவும் திருவிழாவுக்குச் செல்லவும் இன்னும் சிலர் வைத்திருக்கிறார்கள். பாரமிழுக்கும் மிருகங்களைப் பற்றிய 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இளைப்பாறுதலின்றித் தொடர்ச்சியாக ஐந்து மணி நேரத்துக்கு மேலும் மாட்டை வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 டிகிரி செல்ஸியஸுக்கு மேற்பட்ட இடங்களில் பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை பூட்டவும் கூடாது. ஆகையால் கோடையில் விடியற்காலையிலும் மாலையிலும் நடத்தி, உச்சிப்பொழுதிலும் இரவிலும் அவிழ்ப்பதே சட்டத்துக்கும் மாட்டின் நலத்துக்கும் ஒத்தது.

அவிழ்த்தவுடன் தண்ணீர் காட்டாமல் சற்று மூச்சு வாங்கவிட்டுப் பிறகு காட்டுக. பொதுத் தொட்டியில் காட்டுவதைவிடத் தம் வாளியில் மொண்டு காட்டுவது மேல். கோமாரி முதலிய தொத்துநோய்கள் தொட்டி நீர் வழியாகவும் பரவும். வழிப்பிரயாணம் செய்யும் மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போட்டிருத்தல் அவசியம். மற்றொரு முக்கிய எச்சரிக்கை: மாட்டை இளஞ்சோளக் கொல்லையின் அருகே கட்டலாகாது. இளம்பயிரிலும் மழையின்றி வாடிய பயிரிலும் கொடிய நஞ்சு சேர்ந்திருக்கும். கயிற்றை அறுத்துக்கொண்டு சிறிது மேய்ந்தாலும் விடியுமுன் மாடு விழுந்துவிடக்கூடும். வேண்டிய வைக்கோலை வீட்டிலிருந்தே கொண்டுசெல்லுக.

செலவுக் கணக்கு

நல்ல இடத்தில் தங்குவதற்குப் பணம் ஏது என்று கேட்பவர்களுக்காக ஓர் உதாரணக் கணக்குத் தருகிறோம். விலைகளும் கட்டணங்களும் இடத்துக்கிடம் மாறுமாதலால் அவரவர் தம் தொகைகளை இட்டுப் பார்த்துக்கொள்க. டிரெயிலரில் 3,000 தேங்காய், காய் ஒன்று 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சரக்கின் மதிப்பு 45,000 ரூபாய். தங்கும் கட்டணம் 100 ரூபாய், இரண்டாவது ஆளின் பஸ் சார்ஜ் 100 ரூபாய், இருவர் இராச் சாப்பாடு 250 ரூபாய் ஆக மொத்தம் 450 ரூபாய். இது சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு ஒரு பங்கு. அதாவது முப்பது தேங்காயின் விலை. காவலற்ற சாலையோரத்தில் ஓரிரவில் முப்பது காய் காணாமற்போனால் கணக்குச் சரியாகிவிடும். ஒரு பாட்டரியோ ஒரு டயரோ போனால் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியதேயில்லை. விபத்தின் நஷ்டத்தை எந்தக் கணக்கிலும் அடக்க முடியாது.

மூன்று நாலு விவசாயிகள் ஒன்றுகூடி ஒரே நாளில் புறப்பட்டு ஒரே இடத்தில் தங்கினால், காவலாள் செலவு நாலில் ஒன்றாகக் குறையும். பழைய பேட்டைக்காரர்களின் இரகசியம் இதுவே.

கிராம அதிகாரிகள் செய்யக்கூடியவை

தனிமனிதரின் ஜாக்கிரதை ஓரளவுக்குத்தான் பயன்படும். பேட்டையை மீண்டும் அமைப்பது ஊரார் செய்ய வேண்டிய காரியம். இதற்குப் புதிய சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், தங்கும் துறைகளையும் வண்டிப்பேட்டைகளையும் அமைத்துக் கட்டணம் வசூலிக்கக் கிராம ஊராட்சிக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. வண்டிப்பேட்டை என்னும் சொல்லில் மோட்டார் வண்டிகள் நிற்குமிடமும் அடங்கும்.

நெடுஞ்சாலையை அடுத்த ஊர்களின் ஊராட்சி மன்றத்தார் கவனிக்க வேண்டியவை வருமாறு. முதலில் கிராம நிர்வாக அலுவலரின் அ-பதிவேட்டைப் பார்த்துத் தகுந்த நத்தம் அல்லது களப் புறம்போக்கு இருக்கிறதா என்று கண்டறிய வேண்டும். ஓடை, கண்மாய், வாய்க்கால் முதலிய நீர்நிலைப் புறம்போக்கை எக்காரணத்தாலும் எடுக்கலாகாது. இடம் சாலையிலிருந்து சிறிது உள்ளே தள்ளியும், வண்டிகள் திரும்ப அகலமான வாயிலுடையதாயும் இருக்க வேண்டும். நிலத்தின் உபயோகத்தை மாற்ற வேண்டியிருந்தால் தாசில்தார் மூலம் உரிய உத்தரவு பெற்ற பின்னரே வேலை தொடங்க வேண்டும்.

கட்டடம் பெரிதாக வேண்டியதில்லை. கிராவல் பரப்பி இறுக்கிய தரை, கம்பி வேலி, பூட்டும் கதவு, ஒரு குழாய், இரண்டு கழிப்பிடங்கள், ஒரு தொட்டி, ஓர் ஓலைக் கொட்டகை, ஒரு விளக்கு, இரவுக் காவலாள் ஒருவர் ஆகியவை போதும். வாயிலில் கட்டண விவரப் பலகை தொங்க வேண்டும். வண்டி எண்ணும் நேரமும் எழுதும் ஒரு பதிவுப் புத்தகம் இருக்க வேண்டும். கட்டணம் குறைவாக இருந்தால்தான் வண்டிகள் சாலையை விட்டு உள்ளே வரும். இலாபத்தை மட்டும் நோக்கி ஏலம் விட்டுக் குத்தகைக்காரர் கட்டணத்தை ஏற்றினால், வண்டிகள் பழையபடி சாலையோரத்துக்கே போய்விடும். அறுவடைக் காலமும் மாங்காய்ப் பருவமும் தவிர்ந்த நாட்களில் அத்தரையையே நெல் உலர்த்தும் களமாக உபயோகப்படுத்தலாம். ஆடி மாதத்தில் அமாவாசைக்குச் சதுரகிரிக்கும், பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வரும் வண்டிகளால் ஓரளவு வருமானமும் கிடைக்கும்.

சுருக்கம்

மேலே கூறியவற்றைப் பின்வருமாறு தொகுத்துக்கொள்ளலாம்: இருட்டுமுன் நில்லுங்கள். சாலையில் நில்லாதீர்கள். ஓடையிலும் காட்டோரத்திலும் கரிசலிலும் நில்லாதீர்கள். அடைப்பு, நீர், காவல், அத்தாட்சி நான்கையும் விசாரித்துக்கொண்டு தங்குங்கள். வண்டியின் பின்னே ஒளியிருக்கட்டும், கீழே ஆளில்லாதிருக்கட்டும். தங்கும் செலவைச் சரக்குக் கணக்கில் ஏற்றுக் கூலியைப் போலவும் எடைக் கூலியைப் போலவும் முன்னதாகவே சேர்த்துவிடுங்கள்.

அடுத்த மாங்காய்ப் பருவத்துக்கு முன்பே ஊராட்சிக் கூட்டத்தில் இவ்விஷயத்தை எடுத்துப் பேசி, ஊருக்கு ஒரு பேட்டையாவது ஏற்படுத்த முயல்வார்களாயின், நம் வட்டாரத்து விளைபொருள் பத்திரமாய்ச் சந்தை சேரும். அதைக் கொண்டுசென்றவர்களும் பத்திரமாய் வீடு திரும்புவார்கள்.